துப்பாக்கியின் விலையைக் கேட்கிறார்கள், காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மாநில அளவிலான துப்பாக்கி சுடும் போட்டியில் பதக்கம் வாங்கிய பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் செய்தி வந்திருந்தது. சந்தோஷம். கிரிக்கெட்டுக்குப் போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு மூலையையாவது இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தீர்கள். ஆனால் அதில் ‘மூன்று லட்ச ரூபாய் ஜெர்மன் துப்பாக்கி’ என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள். படித்த பெற்றோரில் பாதிப் பேர் ‘நமக்கு இது ஆகாது’ என்று ஒதுங்கிவிட்டார்கள். மீதிப் பேர் நகையை அடகு வைத்தாவது அதே துப்பாக்கியை வாங்கிவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். இந்த இரண்டாவது வகையினர்தான் எனக்குப் போன் செய்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருச்சி பெல் கொதிகலன் ஆலையில் அழுத்தக் கலன்களைச் சோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். என் பேத்தி 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். அவளை ஸ்கூட்டரில் ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சி நடக்கும் இடத்துக்கு, கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவதில் ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் சிலிண்டருக்குக் காற்று நிரப்பிக் கொடுப்பது, ஸ்க்ரூ முடுக்கிக் கொடுப்பது என்று வளர்ந்து, இப்போது யாராவது துப்பாக்கி வாங்கப் போனால் என்னையும் கூட்டிப் போகிறார்கள். நான் கோச் இல்லை. எப்படி நிற்பது, எப்படி மூச்சு விடுவது என்பதெல்லாம் கோச்சிடம் கேளுங்கள். இரும்பையும் காற்றையும் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 10 மீட்டர் தூரத்தில் அட்டை இருக்கும். நடுவில் 30.5 மி.மீ. அளவில் ஒரு கறுப்பு வட்டம். அதன் மையத்தில் பத்துக்கான புள்ளி, குறுக்களவு வெறும் அரை மி.மீ. சுடுகிற ஈயக் குண்டான பெல்லட்டோ 4.5 மி.மீ. அதாவது அடிக்க வேண்டிய புள்ளி, அடிக்கிற ஈயத்தைவிடச் சிறியது. நின்றுகொண்டு, எதிலும் சாயாமல், 75 நிமிடத்தில் 60 ஷாட். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10.9. எல்லாமே அப்படி விழுந்தால் 654. அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியதும், சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியதும் இந்தப் பிரிவில்தான். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் சுட்ட இளவேனில் வாலறிவன் நம் கடலூரில் பிறந்தவர். எங்கள் ஊரில் 2022-ல் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்தபோது வெளியே கூடிய கூட்டத்தை நீங்களே படம் போட்டீர்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த சில பையன்கள் பிற்பாடு உண்மையிலேயே ரேஞ்சுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ரேஞ்சில் சேர்ந்த முதல் மாதத்திலேயே துப்பாக்கி வாங்காதீர்கள். கிளப் துப்பாக்கி எதற்கு இருக்கிறது? பழைய ஸ்பிரிங் துப்பாக்கியோ, பக்கவாட்டு லீவரை இழுத்துக் காற்றை அடைக்கும் துப்பாக்கியோ இருக்கும். அதில் சில மாதம் சுடட்டும். ஸ்பிரிங் துப்பாக்கி சுடும்போது உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்ந்து மொத்தத் துப்பாக்கியையும் உதறும். அந்த உதறலை அடக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் சுடும். லீவர் துப்பாக்கியில் உதறல் இல்லை, ஆனால் 60 ஷாட்டுக்கும் 60 முறை இழுக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக் கைக்கு நாற்பதாவது ஷாட்டிலேயே தோள் இறங்கிவிடும். சிலிண்டரில் முன்கூட்டியே காற்று அடைத்த துப்பாக்கியை, ரேஞ்சில் எல்லாரும் பி.சி.பி. என்று சொல்வதை, வாங்க உண்மையான காரணம் இந்த இரண்டும்தான். பாரம் குறைகிறது, உதறல் போகிறது. மற்றபடி அதனுள்ளே பத்து மார்க் எதுவும் அடைத்து வைத்திருக்கவில்லை.

அடுத்தது, பி.சி.பி. என்று பெயர் போட்டதெல்லாம் போட்டித் துப்பாக்கி இல்லை. மணப்பாறையிலிருந்து ஒரு தகப்பனார் மகனோடு வந்தார். கடைக்காரர் ‘இது பி.சி.பி. சார், லேட்டஸ்ட்’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். பெட்டியைத் திறந்தால் மேலே டெலஸ்கோப், பத்து பெல்லட் போடும் மேகசின், பிடித்துத் தோளில் வைக்கும் கட்டையான ஸ்டாக் அசைக்க முடியாத ஒரே வார்ப்பு பிளாஸ்டிக். தோட்டத்தில் டப்பாவை வைத்துச் சுட அருமையான சாமான். போட்டிக்கு? 10 மீட்டர் ஏர் ரைபிளில் டெலஸ்கோப்புக்கு இடமே கிடையாது. முன்னால் வளையம், பின்னால் ஊசித்துளை போன்ற டயாப்டர் சைட், அவ்வளவுதான். பெல்லட்டையும் ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். ட்ரிகரை அந்தப் பையனின் விரலுக்கு ஏற்ப நகர்த்த வழியில்லை. பையனின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

அந்தக் கடைக்காரர் சொன்ன இன்னொரு வார்த்தை, ‘இதில் வேகம் ஜாஸ்தி’. போட்டித் துப்பாக்கியில் வேகம் ஜாஸ்தி தேவையே இல்லை. நொடிக்கு 170 மீட்டர் வாக்கில் பெல்லட் போனால் போதும், சக்தி ஏழரை ஜூல் அளவு. காகிதத்தில் சுத்தமாக வட்ட ஓட்டை விழ வேண்டும், அறுபதாவது ஷாட்டும் முதல் ஷாட் போலவே விழ வேண்டும், அதுதான் கணக்கு. நம் நாட்டில் 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்கு மேல் போகாத சக்தியும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பதால் போட்டித் துப்பாக்கிகள் தாராளமாக அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். அடையாள அட்டை, முகவரிச் சான்று கேட்பார்கள், கொடுங்கள். பில் இல்லாமல் மட்டும் எதையும் வாங்காதீர்கள்.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி: எந்த கம்பெனி? வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ், ஸ்டைர், பார்டினி என்று பெயர்களை அடுக்குவார்கள். இவற்றில் எதை ஒரு இரும்பு மேஜையில் இறுக்கிப் பூட்டிச் சுட்டாலும், பொருத்தமான பெல்லட் போட்டால், ஒரே ஓட்டையில்தான் விழும். முதல் துப்பாக்கி வாங்குகிற பிள்ளை அந்த ஓட்டையின் பக்கத்தில் வரவே வருஷக்கணக்கு ஆகும். அதனால் கம்பெனிப் பெயரில் சண்டை போடுவது வெட்டி வேலை. உங்கள் ஊர் ரேஞ்சில் எந்தத் துப்பாக்கிக்கு, காற்றுக் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும் உதிரிப் பாகமும் கிடைக்கிறது, எதைத் திறந்து மூடத் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று கேளுங்கள். அதை வாங்குங்கள்.

கம்பெனியைவிட முக்கியம், துப்பாக்கி பிள்ளையின் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பது. ‘வளர்கிற பிள்ளைதானே சார், கொஞ்சம் பெரிதாகவே வாங்கிவிடலாம்’ என்று சொல்லாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. போட்டி விதிப்படி ஏர் ரைபிள் 5.5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அது உச்ச வரம்பு. அத்தனை கிலோ இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாற்பது கிலோ உடம்புள்ள பிள்ளை முதுகைப் பின்னால் வளைத்து, இடது முழங்கையை இடுப்பு எலும்பில் ஊன்றி, ஐந்து கிலோவைத் தாங்கி நின்றால் முதலில் போவது இடுப்பு. ஜூனியர் மாடல்கள் இதற்காகவே இருக்கின்றன. சிலிண்டர் குட்டை, ஸ்டாக் குட்டை, எடை 4 கிலோவை ஒட்டி. பிறகு பலம் வந்ததும் சின்னச் சின்ன எடைக் கட்டிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அதிகமான எடையைக் குறைக்கத்தான் வழியில்லை.

பொருத்தம் பார்க்க நான் செய்வதைச் சொல்கிறேன். துப்பாக்கி காலி, பெல்லட் போடும் அறையில் பாதுகாப்புக் கொடி சொருகியிருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்வேன். அப்புறம் பேத்தியிடம், ‘கண்ணை மூடிக்கோ. தூக்கித் தோளில் வை. தலையைத் தேடிக் கொண்டுபோகாதே, அது எங்கே சாய்கிறதோ சாயட்டும். இப்போ கண்ணைத் திற’ என்பேன். திறந்ததும் பின் துளைக்குள் முன் வளையம் நட்டநடுவில் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். முதல் தடவை அவளுக்கு மேல் பாதி மட்டும் தெரிந்தது. ‘தாத்தா, நிலா மாதிரி பாதிதான் இருக்கு’ என்றாள். கன்னம் வைக்கும் கட்டையான சீக் பீஸை இரண்டு மி.மீ. உயர்த்தினோம், இன்னும் கொஞ்சம் தெரிந்தது. கன்னம் எலும்போடு பதியும் வரை, கழுத்து நரம்பு புடைக்காமல் இருக்கும் வரை, ஒரு மி.மீ., அரை மி.மீ. என்று நகர்த்திக்கொண்டே இருந்தோம். அதே மாதிரி பின்னால் தோளில் பதியும் பட் பிளேட். அது நீளமாக இருந்தால் பிள்ளை தோளைப் பின்னுக்கு இழுக்கும். குட்டையாக இருந்தால் மூக்கு சைட்டில் முட்டும். கைப்பிடியைப் பிடித்தபடி ஆள்காட்டி விரலின் நுனிச் சதை ட்ரிகரில் நேராகப் படுகிறதா, விரல் மரத்தில் உரசுகிறதா என்று ஒரு விசிட்டிங் கார்டை இடையில் விட்டுப் பார்ப்பேன். கார்டு தாராளமாகப் போய் வர வேண்டும்.

இத்தனையையும் நகர்த்தும்படி உள்ள ஸ்டாக்கை வாங்குங்கள். அது அலுமினியமாக இருந்தால் என்ன, பலகை ஒட்டிய மரமாக இருந்தால் என்ன. சிவப்பு, நீலம் என்று பளபளப்பதற்காக ஐம்பதாயிரம் அதிகம் கொடுக்காதீர்கள். மரத்தில் சுட்டுப் பதக்கம் வாங்கியவர்கள் ஏராளம். எனக்கு மரம்தான் பிடிக்கும், நவம்பர் காலையில் கன்னத்தில் சில்லென்று குத்தாது. ஆனால் அது என் வயதின் பேச்சு.

இன்னொன்று. பிள்ளை வலது கைக்காரராக இருந்தாலும் இடது கண் ஆதிக்கமாக இருக்கலாம். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நடுவில் சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியாகத் தூரத்து கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடும்போது எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் மறையாமல் தெரிகிறதோ அதுதான் ஆதிக்கக் கண். இதைப் பார்க்காமல் வலது கைத் துப்பாக்கியை வாங்கிவிட்டு, பிறகு கண்ணுக்குத் தடுப்புப் போட்டுச் சமாளிக்கிறவர்கள் உண்டு. இடது கைத் துப்பாக்கி வாங்கினால் பிற்பாடு விற்கக் கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகப் பிள்ளையின் கண்ணை மாற்ற முடியுமா?

இனி என் சொந்தத் தொழிலுக்கு வருகிறேன். காற்று.

காரின் டயருக்கு 32 பி.எஸ்.ஐ. அடைக்கிறோம். போட்டித் துப்பாக்கியின் சிலிண்டரில் வழக்கமாக 200 பார், அதாவது 2,900 பி.எஸ்.ஐ. இருக்கும். கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி. இத்தனை அழுத்தத்தை உங்கள் பிள்ளை தினமும் கட்டிப்பிடித்து நிற்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சிலிண்டரில் 200 பார் இருந்தாலும் அது அப்படியே பெல்லட்டின் பின்னால் போய் இடிப்பதில்லை. வீட்டு கேஸ் சிலிண்டரின் தலையில் மாட்டும் ரெகுலேட்டர் செய்யும் வேலையை இங்கும் ஒரு ரெகுலேட்டர் செய்கிறது. சிலிண்டரில் 200 இருந்தாலும் 120 இருந்தாலும் அது தன் அளவுக்கு அழுத்தத்தை இறக்கி ஒரு சின்ன அறையில் நிரப்பி வைக்கும். ட்ரிகரை இழுத்ததும் சுத்தி வால்வைத் தட்டும், அந்த அறையின் காற்று மட்டும் வெளியேறும். அதனால்தான் ஒவ்வொரு ஷாட்டும் ஒரே வேகத்தில் போகிறது. சிலிண்டரின் அழுத்தம் ரெகுலேட்டரின் அளவுக்கும் கீழே இறங்கிவிட்டால் ஷாட் கீழே கீழே விழும். பிள்ளை தன் கைதான் நடுங்குகிறது என்று நினைத்து அழும். சிலிண்டர் நுனியில் அழுத்தத்தை முள்ளால் காட்டும் சின்ன மானோமீட்டர் இருக்கிறது, போட்டிக்கு முன் அதைப் பாருங்கள். நிரப்பிய பெரிய சிலிண்டர் 200 ஷாட்டுக்குக் குறையாமல் தாங்கும், ஜூனியர் சிலிண்டர் அதைவிடக் குறைவு. ஒரு போட்டிக்கு 60 ஷாட்டும் அதற்கு முன் கணக்கில் சேராத சைட்டர் என்ற பயிற்சி ஷாட்டுகளும் என்று பார்த்தால் முழு சிலிண்டரோடு போனவருக்குக் கவலை இல்லை.

இப்போது தேதி. சிலிண்டரின் உடம்பில் தயாரித்த மாதமும் வருடமும் பொறித்திருக்கும். எழுத்து பொடியாக இருக்கும், கருப்பு மேல் கருப்பாக இருக்கும், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். இந்தத் துப்பாக்கிச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் ஆயுள் பொதுவாகப் பத்து வருடம். சிலிண்டர் தேதிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது சுடுபவரின் பொறுப்பு என்று சர்வதேசப் போட்டி விதியே சொல்கிறது. காலாவதியான சிலிண்டரோடு போனால் உபகரணச் சோதனையிலேயே திருப்பி அனுப்பலாம். ஆனால் பதக்கம் போவது பற்றி நான் பேசவில்லை. அழுத்தம் ஏறி இறங்கி ஏறி இறங்கி உலோகம் களைத்துப்போவதை வாழ்க்கை முழுதும் பார்த்தவன் நான். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே களைத்திருக்கும். பார்வையால் கண்டுபிடிக்க முடியாது, அதனால்தான் தேதி வைத்திருக்கிறார்கள்.

பழைய துப்பாக்கி விற்பவர்கள் இந்த இடத்தில்தான் விளையாடுகிறார்கள். ‘ஒன்றரை லட்சம் சார், சும்மா கொடுக்கிற மாதிரி’ என்பார்கள். சிலிண்டரைத் திருப்பினால் காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருக்கும். புது சிலிண்டர் சில பத்தாயிரம் ரூபாய், அதுவும் இறக்குமதிக்குக் காத்திருக்க வேண்டும். அதை விலையில் கழித்துப் பேசுங்கள். நான் பழைய துப்பாக்கிக்கு எதிரி இல்லை. முதல் துப்பாக்கி பழையதாக இருப்பதே நல்லது என்பது என் கட்சி. சீனியர் ஒருவர் புது மாடலுக்கு மாறும்போது விற்கும் துப்பாக்கி பத்திரமாகப் பார்த்துக்கொண்டதாக இருக்கும், பிள்ளை வளர்ந்ததும் நீங்களும் பெரிய நஷ்டமில்லாமல் விற்கலாம். வாங்கும் முன் சிலிண்டரை நிரப்பி, முள் எங்கே நிற்கிறது என்று செல்போனில் படம் எடுத்துவிட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் எங்கோ ஓ-ரிங் கசிகிறது. ஓ-ரிங் மலிவான சாமான், பயப்பட வேண்டாம், ஆனால் அவர் செலவில் மாற்றித் தரச் சொல்லுங்கள். டயாப்டர் சைட்டை வலப்பக்கம் நாலு கிளிக், திரும்ப இடப்பக்கம் நாலு கிளிக் திருப்பிச் சுட்டுப் பாருங்கள். ஷாட் பழைய இடத்துக்கே திரும்ப வர வேண்டும். பில், பழைய உரிமையாளரின் கையெழுத்து, இரண்டும் கையில் வந்த பிறகு பணம்.

வாங்கியாகிவிட்டது. காற்றை எங்கே அடைப்பது? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஒருவர் என்னிடம், ‘எங்க தெருவிலேயே பஞ்சர் கடை இருக்கு சார்’ என்றார். பஞ்சர் கடை கம்ப்ரசர் எட்டு, பத்து பாருக்கு மேல் போகாது. இன்னொருவர் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், ‘நம்மகிட்ட ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கே’ என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை மட்டும் நீங்கள் தடித்த எழுத்தில் போடுங்கள்: ஆக்சிஜனை ஒருபோதும் அடைக்கக் கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜன் ஒரு சொட்டு எண்ணெயையோ கிரீஸையோ தொட்டால் போதும், தீப்பொறி இல்லாமலே பற்றி வெடிக்கும். காற்று மட்டும்தான். அதுவும் ஈரமில்லாத, எண்ணெய் இல்லாத காற்று.

அதற்கு மூன்று வழி. முதலாவது கைப் பம்பு. மலிவு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். 150 பாரைத் தாண்டியதும் உடம்பின் முழு எடையையும் போட்டு அமுக்க வேண்டும். பம்பு கை வைக்க முடியாமல் சுடும், இடையிடையே ஆறவிட வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் உள்ளே தண்ணீர் கோக்கும், வடிகட்டியைக் கவனிக்காவிட்டால் அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். பிள்ளையைப் பம்பு அடிக்க விடாதீர்கள், கை நடுக்கத்தோடு போய்ச் சுட வேண்டியிருக்கும். அப்பாவுக்கு நல்ல உடற்பயிற்சி.

இரண்டாவது, கடலில் மூழ்குபவர்கள் முதுகில் சுமக்கும் டைவிங் டேங்க். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. டேங்கில் 200 பார் இருந்தால் முதல் தடவை துப்பாக்கிக்கும் ஏறத்தாழ 200 வரும். எடுக்க எடுக்க டேங்க் இறங்கும். டேங்கில் 160 என்றால் துப்பாக்கிக்கும் 160-க்கு மேல் ஒரு பார்கூட ஏறாது. டேங்கில் இன்னும் நிறையக் காற்று இருந்தும் உங்களுக்குப் பிரயோஜனமில்லை. அதனால் 300 பார் டேங்க் கிடைத்தால் நிரம்ப நாள் வரும், ஆனால் துப்பாக்கிச் சிலிண்டரின் அளவைத் தாண்டாமல் முள்ளைப் பார்த்து நிறுத்தத் தெரிய வேண்டும். நிரப்பும்போது வால்வை மயிரளவு திறந்து, மெதுவாக விட வேண்டும். அவசரமாக விட்டால் சிலிண்டர் சூடேறி முள் 200 காட்டும், ஆறியதும் 180-க்கு இறங்கி நிற்கும். சென்னை, புதுச்சேரி பக்கம் இருப்பவர்களுக்கு டைவிங் ஆட்கள் மூலம் டேங்கை நிரப்ப வழி உண்டு. உள்மாவட்டங்களில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். டேங்குக்கும் ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீரை அழுத்தி வலுவைப் பார்க்கும் சோதனை, அதன் தேதி உண்டு, அதையும் பாருங்கள்.

மூன்றாவது, உயர் அழுத்த கம்ப்ரசர். தனி ஆள் வாங்குவது கட்டுப்படியாகாது. நாலைந்து குடும்பம் சேர்ந்தால் முடியும். எதற்குச் செலவு செய்தாலும் இதற்குச் செய்யுங்கள் என்பேன்.

செலவு என்றதும் ஞாபகம் வருகிறது. கையில் இருக்கும் பணம் முழுவதையும் துப்பாக்கியில் போட்டுவிடாதீர்கள். முதுகைத் தாங்கும் கெட்டியான கோட்டு, பேண்ட், தட்டையான பூட்ஸ், கையுறை இவை இல்லாமல் மூன்று லட்சத் துப்பாக்கியும் ஆடும். கோட்டை உடம்பு அளவுக்குத் தைத்து வாங்குங்கள், அக்காவின் பழைய கோட்டைத் தங்கைக்குப் போடாதீர்கள். அதன் விறைப்புக்கும் விதி இருக்கிறது, அளந்து பார்ப்பார்கள். அப்புறம் பெல்லட். தட்டைத் தலையுள்ள போட்டி பெல்லட்டில் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவிலேயே வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா வாங்கி, துப்பாக்கியைத் தாங்கியில் பூட்டிச் சுட்டு, எதில் ஓட்டை சிறியதாக விழுகிறதோ அதை மொத்தமாக வாங்குங்கள். 500 பெல்லட் டப்பா நல்ல ரகத்தில் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. தினம் நூறு ஷாட் சுடும் பிள்ளைக்கு அது ஒரு வாரம்கூட வராது. துப்பாக்கி வாங்கிவிட்டு பெல்லட்டுக்குக் காசில்லாமல் ரேஞ்சுக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும், பெல்லட் முழுக்க ஈயம்.

சில்லறை விஷயங்கள்: வெயிலில் நிறுத்திய காரில் நிரப்பிய சிலிண்டரை வைக்காதீர்கள். சிலிண்டரின் திருகு மரைக்கு மசகு வேண்டுமென்றால் சிலிக்கான் கிரீஸ், தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ வேண்டாம். விமானத்தில் போனால் சிலிண்டரைக் கழற்றிக் காலி செய்துதான் அனுப்ப வேண்டும், போய் இறங்குகிற ஊரில் காற்றுக்கு வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் வழியாகத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு ஒரு விண்ணப்பம். பயிற்சி பெறும் பிள்ளைகள் இருக்கும் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு உயர் அழுத்த கம்ப்ரசரை வைத்து, அதை இயக்கத் தெரிந்த ஒருவரையும் உட்கார வையுங்கள். நிரப்புவதற்குச் சிறு கட்டணம் வாங்கினால் தப்பில்லை, நாங்கள் தருகிறோம். அதோடு ஜூனியர் அளவில் ஒன்று, பெரிய அளவில் ஒன்று, இடது கைக்கு ஒன்று என்று மூன்று பி.சி.பி. துப்பாக்கிகளை மாத வாடகைக்குக் கொடுங்கள். இடது கைத் துப்பாக்கியை மறந்துவிடாதீர்கள், அதைத்தான் தனியாக வாங்க யாரும் துணிவதில்லை. கம்ப்ரசரை எங்கே வைப்பது, சிலிண்டர்களின் தேதியை எப்படிப் பதிவேட்டில் எழுதுவது என்று யாராவது கேட்டால் வந்து சொல்லித் தரத் தயாராக இருக்கிறேன். சம்பளம் வேண்டாம், பஸ் டிக்கெட் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கொதிகலன் ஆலை ஊழியர்,
திருவெறும்பூர், திருச்சி.